கரி குடித்த தண்ணீர்

சோதித்துப் பார்க்காமல் பேசுகிறவனால் ஊருக்குப் பெரிய கெடுதல் கிடையாது. நாலு பேர் மறுத்துச் சொன்னால் அடங்கிவிடுவான். ஒரே ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறவன் இருக்கிறானே, அவனை யாராலும் அடக்க முடியாது. என் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் வரை நான் அந்த இரண்டாவது ரகம்.

அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நான் வேலூரில் இண்டர்மீடியட் படித்துவிட்டு, ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் டேனரியில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலை எண்ணுவது. வந்து இறங்கும் தோல், ஊறும் தோல், சுண்ணாம்புக் குழியில் கிடக்கும் தோல், ஆவாரம்பட்டைச் சாற்றில் கிடக்கும் தோல், காய்கிற தோல் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். அந்தப் பழக்கம் இன்றுவரை போகவில்லை. (தோசை வார்க்கும் சத்தத்தை வைத்தே எனக்கு எத்தனை, மற்றவர்களுக்கு எத்தனை என்று சொல்லிவிடுவேன். வீட்டில் இதை யாரும் பாராட்டுவதில்லை.)

எங்களுடையது தறிக்காரக் குடும்பம். தறியை விட்டுத் தோலுக்குப் போன முதல் ஆள் நான்தான். பெண் பார்த்தது குடியாத்தத்தில். அங்கே லுங்கி நெய்கிற குடும்பம். பெண்ணின் பெயர் தனபாக்கியம். பலகாரத் தட்டை நீட்டும்போது, "இன்னும் ஒண்ணு எடுத்துக்குங்க, ரெண்டுதான் எடுத்திருக்கீங்க" என்றாள். ஊரில் எல்லாவற்றையும் எண்ணுகிற என்னை, ஒருத்தி எண்ணியிருக்கிறாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பெண்ணின் அப்பா சம்மதித்தார். அம்மா சம்மதித்தார். தாய்மாமன் கன்னியப்பன்தான் மூக்கைச் சுளித்தார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே சுளித்தார். நான் உட்கார்ந்திருந்த பாய்க்குப் பக்கத்தில் வந்து குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"பையன் படிச்சவன், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா தோல் நாத்தம் ஒடம்புல ஊறிக் கெடக்குமே? எங்க பொண்ணு கஞ்சி போட்ட பாவு நூல் வாசனையில வளந்தது. ராத்திரி பகல் இத எப்படித் தாங்கும்?"

"பத்து நாளைக்கு முன்னாலயே லீவு போட்டுட்டு, அரப்புத் தேச்சிக் குளிச்சிட்டு வருவாரு," என்று என் அக்காவின் கணவர் முனிரத்தினம் மாமா வாக்குக் கொடுத்தார். கல்யாணத்தில் எங்கள் பக்கத்துக்குப் பேச்சாளர் அவர்தான்.

"வரட்டும். மாப்ள அழைப்பு அன்னிக்கு நானே பந்தல் வாசல்ல நிப்பேன். நாத்தம் வந்துச்சின்னா அப்படியே வண்டியத் திருப்பிடுவேன். அப்பறம் கன்னியப்பன் மொறை தெரியாதவன்னு பேசக்கூடாது."

தாய்மாமன் கையால் மாலை வராமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடக்காது. ஆகவே அது வெறும் மிரட்டல் இல்லை.

குடியாத்தத்துக்கு எங்கள் கூட்டத்தைக் கொண்டுபோக பஸ் வேண்டும். போர்க் காலத்தில் பெட்ரோல் கிடையாது. பஸ்களின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாயைப் பொருத்தியிருப்பார்கள். அதில் மேலே அடுப்புக் கரியைக் கொட்டி, கீழே நெருப்பு மூட்டி, கைப்பிடி போட்ட விசிறியைச் சுற்றினால் கரியிலிருந்து ஒரு வாயு வரும். அந்த வாயுவில்தான் என்ஜின் ஓடும். ஓடும் என்றால், இறக்கத்தில் ஓடும், மேட்டில் யோசிக்கும். பஸ் டிரைவர் காதர் பாய் எனக்குத் தெரிந்தவர். தம் வண்டியைப் பற்றி, நாமெல்லாம் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதைவிடப் பெருமையாகப் பேசுவார். பஸ் முதலாளி ஒரே நிபந்தனைதான் போட்டார்: வண்டி தருகிறேன், கரி நீங்கள் கொண்டுவர வேண்டும்.

கரிக்கும் அப்போது தட்டுப்பாடு. அதனால் சித்திரையிலேயே ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து வந்த நல்ல கட்டைக் கரி ஆறு மூட்டை வாங்கிவிட்டேன். வீட்டில் வைக்க முடியாது. வீடெல்லாம் வெள்ளை நூல். டேனரியில் தோல் ஊறும் தொட்டிகளை ஒட்டி ஒரு கொட்டகை காலியாக இருந்தது. முதலாளி சாயபுவிடம் கேட்டேன். "வெச்சிக்க தம்பி. அந்த நாத்தத்துல எவனும் திருட வரமாட்டான்," என்றார்.

முனிரத்தினம் மாமாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "மச்சான், மழைக் காலம் வரைக்கும் கெடக்கப் போவுது. கரி ஈரம் குடிச்சிடாதா?"

கேட்டாரே, அங்கேதான் என்னுடைய விஞ்ஞானம் எழுந்து நின்றது. ஒரு மூட்டையைத் தராசில் நிறுத்தேன். ஐம்பது ராத்தல். அதை வெளி முற்றத்தில் கோணி மேல் பரப்பி, மறுநாள் காலையில் அள்ளி மீண்டும் நிறுத்தேன். ஐம்பது ராத்தல். ஒரு கரித்துண்டை வாளித் தண்ணீரில் போட்டேன். மிதந்தது.

"பாத்தீங்களா மாமா? கரிக்கும் தண்ணிக்கும் ஆவாது. இது சயன்ஸ்."

"அப்ப சரி," என்றார் மாமா. இண்டர்மீடியட் படித்தவன் சொன்னால் அந்தக் காலத்தில் அப்படித்தான்.

(ஆம்பூரில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: துவைத்த வேட்டியை உதறும்போதே பாதி காய்ந்துவிடும். அந்தக் காற்றில் கரி எதைக் குடிக்கும்? நான் கேட்ட கேள்வி சரி. கேட்ட மாதம்தான் தவறு.)

ஐப்பசியில் கல்யாணம். அந்த வருஷம் அடைமழை. கொட்டகைச் சுவரில் வேர்வை மாதிரித் தண்ணீர் வழிந்தது. நான் லீவில் இருந்தவன், புறப்படுவதற்கு முந்தின நாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் மூட்டைகளை நிறுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அறுபது ராத்தல்.

கரி குட்டி போடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஈரம் என்று நினைக்க என் சோதனை இடம் கொடுக்கவில்லை. அதனால், சித்திரையில் தராசு தவறாக இருந்திருக்கிறது, இப்போது சரியாகிவிட்டது என்று தீர்மானித்தேன். காதர் பாய் போக வர முந்நூறு ராத்தல் கேட்டிருந்தார். அறுபது வீதம் ஐந்து மூட்டையிலேயே முந்நூறு ஆகிவிட்டது. ஆறாவது மூட்டையை டேனரிக் காவல்காரருக்கு அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டேன். அவர் மனமார வாழ்த்தினார். (ஒரு வாரம் கழித்து, அது எரியவே இல்லை என்று சொன்னார்.)

மறுநாள் மத்தியானம் கிளம்பினோம். மொத்தம் இருபத்தெட்டுப் பேர், ஐந்து மூட்டை. எனக்குப் பட்டு வேட்டி, பட்டு அங்கவஸ்திரம். சாயபு அன்பளிப்பாகக் கொடுத்த அத்தரைக் காதுக்குப் பின்னால் தடவியிருந்தேன். பத்து நாள் அரப்பில் தோலே உரிந்து, குழந்தை மாதிரி இருந்தேன். விளக்கு வைப்பதற்குள் குடியாத்தம் பந்தலில் இருக்க வேண்டும்.

ஆம்பூரை விட்டுக் கிளம்பும்போது பீப்பாயில் காதர் பாயின் மிச்சக் கரி பாதி இருந்தது. அது நல்ல கரி. அதன் தயவில் மாதனூர் வரை வந்துவிட்டோம். அதற்குள் மேலே கொட்டியிருந்த என் கரி நெருப்புக்கு இறங்கிவிட்டது. ஊரைத் தாண்டியதும் ஒரு சின்ன மேடு. பஸ் இருமியது. வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டது. நின்றுவிட்டது.

"இன்னாபா இது? என் வண்டி ஒரு நாள் இப்படி பேஜார் பண்ணதில்ல," என்றார் காதர் பாய். வண்டி முகப்பில் எலுமிச்சம்பழம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். கட்டப்பட்டுத்தான் இருந்தது.

"பஸ்ஸுக்கும் சளி புடிக்குமாடா?" என்று உள்ளிருந்து என் சித்தி கேட்டாள்.

ஆண்கள் பதினைந்து பேர் இறங்கித் தள்ளினோம். மாப்பிள்ளை தள்ளக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். ஆனால் ஆள் பற்றவில்லை. மேடு ஏறி, மறுபக்கம் இறங்கி, மறுபடி நின்றோம். விசிறியைச் சுற்றும் முறை எனக்கு வந்தது. சுற்றினேன். வாயு பிறக்கவில்லை, வெந்நீர் போடும் அண்டா மாதிரி ஆவிதான் வந்தது. பீப்பாய் மூடியைத் திறந்தால், மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி.

"தண்ணிய ஊத்திட்டீங்களா யாராச்சும்?" என்றார் காதர் பாய்.

ஒரு கரித்துண்டைக் கையில் எடுத்தேன். காய்ந்துதான் இருந்தது. சாராயம் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து நிற்கிறவனைப் போல, வெளியே ஒரு சுவடும் இல்லை.

கரி எப்படித் தண்ணீர் குடித்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு நண்பர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். அவர் சொன்னதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துக்கொண்டால் சுலபம். கரிக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. (நான் எண்ணவில்லை.) அந்தப் பொந்துகளின் சுவருக்குத் தண்ணீர் பிடிக்காது. காற்று வறண்டிருக்கும்போது, பந்தியில் முதல் ஆளாக உட்காரக் கூச்சப்படுகிற மாதிரி, தண்ணீர் உள்ளே வராது. சுவரில் அங்கங்கே தண்ணீருக்கு ஒத்துப்போகிற சில இடங்கள் உண்டு. அங்கே மட்டும் ஒன்றிரண்டு துகள் உட்காரும். காற்றில் ஈரம் ஏற ஏற, உட்கார்ந்தவர்களைப் பார்த்து அவர்கள் பக்கத்தில் இன்னும் சிலர் உட்காருவார்கள். ஒரு அளவைத் தாண்டியதும் கூச்சம் விட்டுப்போய், மடமடவென்று வரிசையே நிரம்பிவிடும். சித்திரையில் யாரும் உட்காரவில்லை. ஐப்பசியில், அதுவும் தொட்டிகளுக்குப் பக்கத்தில், பந்தி நிரம்பிவிட்டது.

அதோடு விட்டதா? நல்ல நேரமாக மேகம் கலைந்து வெயில் வந்தது. என் யோசனைப்படி, பெண்களின் ஜமுக்காளத்தை ரோட்டில் விரித்துக் கரியைக் காயப்போட்டோம். வெயில் எங்களைச் சுட்டது. கரியை ஒன்றும் செய்யவில்லை. மறுபடி போட்டால் மறுபடி ஆவி. காரணம் அதே பந்திதான். உட்காருவதற்கு எவ்வளவு ஈரம் தேவைப்பட்டதோ, அந்த அளவுக்குக் காற்று உலர்ந்ததும் எழுந்துவிட மாட்டார்கள். பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்காமல் எழுவது மரியாதை இல்லையே. இன்னும் நன்றாக உலர வேண்டும், அல்லது சுட வேண்டும். இதையும் நண்பர்தான் சொன்னார். ஜமுக்காளம் பாழானதுதான் அன்று கண்ட பலன்.

"விளக்கு வெக்கறதுக்குள்ள போவணும் மச்சான்," என்று மாமா மெதுவாகச் சொன்னார்.

ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை. அங்கே வேர்க்கடலை வறுக்கும் பெரிய இரும்புச் சட்டி இருந்தது. சுட்டுப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. கடைக்காரரைக் கெஞ்சி, சட்டியில் கரியைக் கொட்டி, அடியில் விறகை எரித்துக் கிளறினோம். முதலில் ஆவி வந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு வேறொன்று வந்தது.

"இன்னாய்யா, தோல வறுக்கறீங்களா?" என்று கடைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "மச்சான், இது நம்ம டேனரி."

ஆம். சித்திரை முதல் ஐப்பசி வரை அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த கரி, தண்ணீரை மட்டுமா வாங்கியிருக்கும்? ஊறல் தொட்டி, சுண்ணாம்புக் குழி, மயிர் சுரண்டும் இடம் எல்லாவற்றின் காற்றையும் பத்திரமாக வாங்கி வைத்திருந்தது. சூடு கண்டதும் அவ்வளவையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. கன்னியப்பன் வாசலில் நிற்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஒன்றரை மூட்டைதான் வறுக்க முடிந்தது. அதற்குள் கடைக்காரர் சட்டியைப் பிடுங்கிக்கொண்டார். வறுத்த கரியில் பஸ் சீறிக்கொண்டு ஓடியது. ஆனால் குடியாத்தத்தின் எல்லையில் அது தீர்ந்துபோயிற்று. காதர் பாய் என்னைக் கேட்காமல் வறுக்காத மூட்டை ஒன்றை அவிழ்த்துப் பீப்பாயில் கொட்டிவிட்டார்.

"பாய், வேணாம் பாய். இங்கயே எறங்கி நடந்து போய்டறோம்," என்றேன்.

"இன்னா பேசற? மாப்ளய பந்தல் வாசல்ல எறக்காம நடுரோட்ல விட்டா என் வண்டிக்கு இன்னா மரியாத? கம்முனு ஒக்காரு."

இருக்கிற சூட்டிலும், தெருக்காரர்கள் தள்ளியதிலும் பஸ் பந்தல் வாசலுக்கு வந்துவிட்டது. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள். நடுவில் மாலையைக் கையில் பிடித்தபடி கன்னியப்பன். நான் இறங்கினேன். பட்டு வேட்டி முழங்கால் வரை சேறு, அதற்கு மேல் கரி. முகத்தில் கண் மட்டும் வெள்ளை. வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் காதர் பாய், திரும்பிப் போக நெருப்பு அணையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், பின்னால் போய் விசிறியைச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆம்பூர் டேனரி முழுவதும் புகைக்குழாய் வழியாகப் பந்தலுக்குள் நுழைந்தது. நாதஸ்வரக்காரர்தான் முதலில் நிறுத்தினார். அடுத்த மூச்சை இழுக்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. கன்னியப்பன் மாலையைத் தட்டில் வைத்தார்.

"நான் சொல்லல?" என்றார்.

"மாமா, மாதனூர்லருந்து தள்ளிக்கினு வர்றோம். நாத்தம் எங்க மச்சான் மேல இல்ல, வண்டி மேல," என்று முனிரத்தினம் மாமா முன்னால் வந்தார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இண்டர்மீடியட் விடவில்லை.

"அவர் சொல்றது சரிங்க. இது கரியோட குணம். பக்கத்துல இருக்கற ஈரம், வாசனை எல்லாத்தையும் உள்ளுக்கு வாங்கி வெச்சிக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது. சூடு பண்ணா மட்டும் வெளிய வுட்டுடும்."

கன்னியப்பன் படித்தவர் இல்லை. ஆனால் வாதத்தை எங்கே பிடித்து முறுக்க வேண்டும் என்று தெரிந்தவர்.

"அப்படியா? ஆறு மாசம் கெடந்த கரியே இவ்ளோ வாங்கி வெச்சிருக்குன்னா, நாலு வருசமா அங்கயே கெடக்கற நீ எவ்ளோ வாங்கி வெச்சிருப்ப? இப்ப அரப்புல அடங்கிக் கெடக்கு. நாளைக்கு வெயில்ல வேர்த்து, ஒடம்பு சூடாச்சின்னா? எங்க பொண்ணு எங்க ஓடும்?"

கூட்டம் 'ஆமாம்' என்று முனகியது. எனக்கே அது நியாயமாகப் பட்டது. முனிரத்தினம் மாமா தரையைப் பார்த்தார். பெண்ணின் அப்பா கையைப் பிசைந்தார். காதர் பாய் மட்டும் ஒன்றும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது வாசல்படியில் நின்ற பெண்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாமா, மாதனூர்லருந்து தள்ளிக்கினு வந்திருக்காங்க. தொப்பலா நனைஞ்சி நிக்கறாரு. இதுக்கு மேல அவர எந்த அடுப்புல வெச்சி சூடு பண்ணப் போறீங்க? இப்பவே மோந்து பாத்துடுங்க."

கல்யாணப் பெண் அப்படிப் பேசக்கூடாது. அவள் அம்மா தலையில் ஒன்று வைத்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் பேசியாகிவிட்டது. கன்னியப்பன் என்ன செய்வார்? முதலில், "பாய், அத நிறுத்துய்யா!" என்று கத்தினார். புகை ஓய்ந்தது. பிறகு என்னிடம் வந்தார். கழுத்தை மோந்தார். அக்குளை மோந்தார். கையைத் தூக்கச் சொல்லி உள்ளங்கையை மோந்தார். ஒரு ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. (மூச்சை அடக்கியதற்கு வேறு காரணமும் இருந்தது.)

"கரி," என்றார். "வேர்வை." மறுபடி மோந்தார். "கொஞ்சம் அத்தர்."

"தோலு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

கன்னியப்பன் தோளிலிருந்த புதுத் துண்டை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தார். துண்டு கறுத்தது, நான் வெளுத்தேன். "இல்ல," என்று சொல்லிவிட்டு மாலையை எடுத்தார். நாதஸ்வரக்காரர் ஜாக்கிரதையாக ஒரு மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார்.

கல்யாணம் நடந்தது. நான் டேனரியில் ஓய்வு பெறும் வரை இருந்தேன். கன்னியப்பன் மாமா கடைசி வரை என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வெயில் நேரத்தில்தான் வருவார். காரணம் கேட்டதில்லை.

ஆனால் அவர் அன்று சொன்ன சித்தாந்தம் மட்டும் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. எனக்குக் கோபம் வந்து குரலை உயர்த்தினால், தனபாக்கியம் பதில் பேசமாட்டாள். "சூடாயிட்டாரு, ஜன்னலத் தொறங்க," என்பாள். பிள்ளைகள் ஓடிப்போய்த் திறப்பார்கள். பிறகு பேரப்பிள்ளைகள் திறந்தார்கள். போன வாரம் பால்காரர் ஒரு பாக்கெட் குறைத்துப் போட்டார். நான் நியாயமாகத்தான் சத்தம் போட்டேன். பேரனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு மாதமே ஆன பெண், அடுக்களையிலிருந்து வந்து, எனக்கு மரியாதையாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வீட்டின் ஏழு ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு யார் சொன்னது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் போடாமல்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது.